காவாந்தண்டலம் வழியில் ஒரு ஸ்காட்லாந்துக் குழந்தை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம் டிரைவருக்குப் பின்னால், இஞ்சினை ஒட்டி. மாகறல் வருவதற்குள் செருப்பின் அடி சுட ஆரம்பித்தது. மாகறல் தாண்டியதும் முன்பக்கம் ஆவி கிளம்பி, பஸ் ஒரு புளியமரத்தடியில் தானாக நின்றுகொண்டது. கண்டக்டர் வாளியோடு இறங்கிப் போனார். பங்குனி வெயிலில் பக்கத்துக் கால்வாய் காய்ந்து கிடந்தது. வெறும் வாளியோடு திரும்பியவரின் கண் என் மடியில் விழுந்தது.

“யம்மா, அந்த பிளாஸ்க்குல இன்னா கீது?”

தண்ணீர் என்றேன். கொடுத்தால் ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்றார். தர முடியாது, அது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்றேன். பின்னால் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னாள்: “காச்சின தண்ணி தானே. அவரு மறுபடியும் காச்சத்தான் கேக்கறாரு. குடுத்துடுமா.”

பஸ் முழுவதும் சிரித்தது. கொடுத்துவிட்டேன். உத்திரமேரூர் போய்ச் சேரும்வரை நாக்கு வறண்டாலும் யார் நீட்டிய செம்பையும் வாங்கவில்லை. ஈப்போவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன். எதைத் தொட்டாலும் பயம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. என் கணவர் ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து காலமானவர். எங்களுக்கு ஒரே மகன், சண்முகம். ஸ்காட்லாந்தில் மருத்துவம் படிக்கிறான். நான் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை மணக்க விரும்புவதாகவும், என் சம்மதம் இல்லாமல் தேதி குறிக்கப் போவதில்லை என்றும் எழுதியிருந்தான். படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து எதிலும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் தோட்டத்துத் துரைமாரில் பாதிப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பத்தொன்பது வருடத்தில் என் கணவர் ஒருநாள்கூட அவர்கள் முன்னால் உட்கார்ந்ததில்லை. காய்ச்சலாகக் கிடந்து எழுந்த மறுநாளும் பங்களா வாசலில் நின்றுதான் கணக்கு ஒப்பித்தார். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி எனக்கு மருமகளா என்று நினைத்தாலே உடம்பு எரிந்தது. அவள் பெயரை வாயால் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. மகனுக்கு எழுதும்போது ‘அந்தப் பெண்’ என்றே எழுதினேன்.

அந்தப் பெண் எனக்கு நேராக ஒரு கடிதம் எழுதினாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நான் சென்னை போகிறேன் என்பதைச் சண்முகம் சொல்லியிருக்கிறான். தன் தாத்தாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். ஆர்ச்சிபால்ட் மக்ரே என்பது அவர் பெயர். இருபத்திரண்டு வயதில் சென்னைக்கு வந்து ஒரு வியாபாரக் கம்பெனியில் சேர்ந்தவர். சாயத்துக்கு அவுரி வாங்க உத்திரமேரூர்ப் பக்கம் இரண்டு வருடம் மனைவியோடு தங்கியிருந்தார். ரசாயனச் சாயம் வந்து அவுரி வியாபாரம் படுத்ததும் சொந்த ஊர் திரும்பி, துறைமுகத்தில் கயிறும் எண்ணெய் வித்தும் விற்றுப் பெரிய வியாபாரி ஆனார். பிறகு நகரசபைக்குப் போய் நகரத் தலைவராகவும் இருந்தார். மீனவர் தெருவரை குழாய்த் தண்ணீர் கொண்டுவருவேன் என்று நின்றபோது, வரி கூடும் என்று ஊர்ப் பணக்காரர்கள் எதிர்த்தார்களாம். நண்பர்கள் விருந்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்களாம். மனிதர் அசையவில்லை. குழாய் வந்தது.

வீட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் யார் தண்ணீர்க் குவளையை எடுத்தாலும் “காய்ச்சியதா?” என்று கேட்பாராம். மலைச் சுனையிலிருந்து சில்லென்று வரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த ஒரே குடும்பம் எங்களுடையதுதான் என்று பேரப் பிள்ளைகள் கேலி செய்வார்களாம். இந்தியாவைப் பற்றி அவர் பேசியதே இல்லை. குடும்ப பைபிளில், பிள்ளைகளின் பெயர் எழுதும் பக்கத்தில் முதல் வரியாக ‘எல்ஸ்பெத், சென்னை மாகாணம், காவாந்தண்டலம் வழி’ என்று மட்டும் இருக்கிறது. தேதி இல்லை, வயது இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா மக்ரேயின் மூத்த மகன். இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். தான் பிறக்கும் முன்பே இறந்துபோன அக்காளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவள் நடக்கப் பழகியிருந்தாளா என்பதுதான் அவர் கேள்வி. அந்தச் சமாதி இன்னும் இருந்தால் போய்ப் பார்க்க முடியுமா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டிருந்தாள்.

பார்க்கிறேன் என்று ஒரு வரி பதில் போட்டேன். உள்ளூர நினைத்தது வேறு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு குடும்பம், சொந்த ஊரில் ஒரு குடும்பம் என்று வாழ்ந்துவிட்டுப் போன துரைமாரை நான் கண்ணால் பார்த்தவள். அப்படி ஒரு செய்தி இங்கே கிடைத்தால் அதை எழுதிப் போட்டு, இந்தக் குடும்பத்திலா பெண் எடுப்பது என்று மகனைக் கேட்டுவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

உத்திரமேரூரில் ரங்கநாயகி என்ற ஆசிரியை வீட்டில் தங்கினேன். சென்னையில் கல்யாண வீட்டில் பழக்கமானவர். முதல் ராத்திரி மிளகும் சுக்கும் போட்ட இட்லி. எங்கள் ஊர்ச் சீனன் கடைக் காப்பியின் கெட்டி இங்கே காப்பியில் இல்லை; ஆனால் அந்த இட்லிக்கு ஈப்போவில் நான் எங்கே போவேன்? சமாதியைப் பற்றிக் கேட்டதும் ரங்கநாயகி சிரித்துவிட்டார். தொரைப் பாப்பா சமாதியைத் தெரியாதவர் இந்தப் பக்கம் உண்டா என்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், பிள்ளை தூர தேசம் போயிருந்தால், தாய்மார்கள் அங்கே பிஸ்கட் கொண்டுபோய் வைத்து வேண்டிக்கொள்வார்களாம். கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை. பிஸ்கட்தான். வெள்ளைக்காரக் குழந்தை வேறென்ன தின்னும் என்பது ஊரார் கணக்கு.

மறுநாள் காலை வந்த வழியே மாகறல் வரை பஸ். அங்கிருந்து முனுசாமி என்பவரின் மாட்டு வண்டி. என் பிளாஸ்க்கைப் பார்த்ததும் அவரும் விசாரித்தார். காய்ச்சின தண்ணீர் என்றதும், “ஜொரமா உனக்கு?” என்று அக்கறையாகக் கேட்டார். ஆற்று மணலின் நடுவில் இடது பக்க மாடு படுத்துக்கொண்டது. முனுசாமி அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு பீடி பற்றவைத்தார். அது எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். “அது கைல வாச் கட்டிக்கினு கீதா, நேரம் சொல்றதுக்கு?” என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மீதி மணலை நடந்தே கடந்தேன். ஈப்போவில் பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் புகார் எழுதுகிறவள் நான்.

காவாந்தண்டலத்துக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். கல் என்று சொல்லத்தான் வேண்டும். பார்வைக்கு அது சுண்ணாம்புக் கட்டிதான். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து, அதன்மேல் மஞ்சள் பூசி, விளிம்புகளே மழுங்கிப் போயிருந்தது. எழுத்தென்று ஒன்று அதில் இருக்கும் என்று தோன்றவேயில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கல்லுக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். பிறகு காலைச் சேர்த்து வைத்து, பாதத்துக்கு முன்னால் பாதமாக இரண்டே அடி வைத்தாள். குனிந்து பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஏதோ பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள். நடக்க முடியாதவள்போல ஏன் அப்படி வைத்தாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கல்லின் ஓரத்தைச் சுரண்டினேன். இரண்டு தடவைகூட இழுத்திருக்க மாட்டேன். வயலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏய், யாரு அது? கத்திய எடு. பாப்பாக்கு நோவும்.”

கிணற்றுப் பாசன வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண் முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கன்னியம்மா என்று பெயர். வயல் கூலிக்குப் போகும் குடும்பம். சமாதியைக் கூட்டி, வெள்ளையடித்துப் பார்த்துக்கொள்வது தலைமுறையாக அவர்கள் வீடுதான் என்று முனுசாமி சொன்னார். நான் மலாயாவிலிருந்து வருவதையும், கல்லில் எழுதியிருப்பதைப் படித்து அந்தத் துரையின் மகனுக்கு எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தொரைக்குப் புள்ள கீதா? இத்தினி நாளா எங்க போயிருந்தாங்களாம்?”

கன்னியம்மா கல்லின் மேலிருந்த கீறலை முந்தானையால் துடைத்தாள். கத்தி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, புளி கரைத்துக் குளிப்பாட்டலாம், பித்தளையில் களிம்பு விடுகிற மாதிரி சுண்ணாம்பும் விட்டுவிடும் என்றாள். புளி மட்டும் நான் வாங்கி வர வேண்டும். பழம் புளியாக வேண்டும் என்றாள்.

ராத்திரி ரங்கநாயகி வீட்டில் படுத்தபின் யோசித்தேன். நான் கேட்க நினைத்திருந்ததை இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. நாளை கன்னியம்மாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். துரைக்கு இங்கே வேறு யாராவது உண்டா?

வெள்ளிக்கிழமை மாடு படுக்கவில்லை. கன்னியம்மா குடத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். புளியைக் கரைத்து, குழந்தையின் தலையில் எண்ணெய் வைப்பதுபோல உச்சியிலிருந்து மெல்லத் தேய்த்துக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு முதலில் நுரைத்தது. பிறகு பால்போலக் கரைந்து ஓடியது. நான் தென்னை நாரை நனைத்து அடுத்த பக்கம் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் விரல் வெந்துவிட்டது. அப்போது கேட்டேன்.

கன்னியம்மாவுக்கு என் கேள்வியின் உள்ளர்த்தம் புரிந்துவிட்டது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நீ இன்னா கேக்கறன்னு தெரியுது. அப்டி எதுவும் இல்ல. அந்தத் தொரை அவ்ளோ பேசக்கூட மாட்டாராம். பாப்பாவ வளத்தது எங்க வூட்டுப் பொண்ணு, பொன்னி. எங்க தாத்தாவுக்குக் கூடப் பொறந்தது. கல்யாணம் ஆகாத பொண்ணு. வாந்திபேதி வந்துச்சி. காலைல பாப்பா, சாய்ந்தரம் பொன்னி.”

மீதியை அவள் வேலை செய்துகொண்டே சொன்னாள். குழந்தையைப் பட்டணத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகலாம் என்று துரையோடு இருந்தவர்கள் வண்டி கட்டினார்களாம். பொன்னியையும் சேர்த்து எடுத்துப் போகலாமா என்று துரை கேட்டாராம். அது ஆகாது என்றார்களாம். துரை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு இந்த மரத்தடியில் ஒரே குழி வெட்டச் சொன்னாராம். துரையம்மா மாத்திரம் குழியை விட்டு எழுந்து வரமாட்டேன் என்றாளாம். பொன்னியின் தாய்தான் அவளைத் தூக்கி, மோர் குடிக்க வைத்துக் கூட்டிப் போனாளாம். அந்தத் தாய் போட்ட வழக்கம்தான் பிஸ்கட்டும் மற்றதும்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் படிந்த இடத்தில் பள்ளமாக ஒரு கோடு தட்டுப்பட்டது. பிறகு ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்ஸ்பெத். ஆர்ச்சிபால்ட், ஜேன் மக்ரே ஆகியோரின் மகள். பதினொரு மாதம். அதோடு முடிந்தது என்று கையெடுத்தேன். கன்னியம்மா இன்னும் கீழே, மண்ணை ஒட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் ஏதோ கிறுக்கியிருக்கிறது என்றாள்.

மண்டியிட்டுப் பார்த்தேன். அது தமிழ். மைல்கல் செதுக்குகிற ஆள் வெட்டியிருக்க வேண்டும்; எழுத்து கோணல்மாணலாக, ஆனால் மேலே உள்ள பெயரின் அளவுக்கே பெரிதாக இருந்தது. படித்துச் சொன்னேன்.

“பொன்னின்னு எழுதியிருக்கு.”

கன்னியம்மா நம்பவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வண்டியோரம் நின்ற முனுசாமியைக் கூப்பிட்டாள். அவருக்கும் கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆமாம், அதுதான் என்றார். அவள் ஈர விரலால் அந்த எழுத்துகளை மறுபடியும் தடவினாள்.

“எங்க சனத்துப் பேரு கல்லுல கீது. நாங்களே சுண்ணாம்படிச்சி மூடி வெச்சிக்கினு இருந்திருக்கோம்.”

அடுத்த கணம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபோது புளி பட்டு எரிந்திருக்க வேண்டும். பொன்னி வம்புக்காரி, இப்போதும் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறாள் என்றாள். நானும் சிரித்தேன். மகனின் கடிதம் வந்த பிறகு முதல்முறையாகச் சிரிக்கிறேன் என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது. தோட்டத்துப் பங்களா வாசலில் நின்ற என் கணவரை நினைத்துக்கொண்டேன். அந்த நிற்றல் நின்றதுதான். அதை எந்தக் கல்லும் மாற்றாது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்தக் கல்லை நட்ட மனிதர் இல்லை.

தாளை எழுத்தின்மேல் விரித்துக் கரித்துண்டால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டேன், இரண்டு பெயர்களையும். கன்னியம்மா வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்தாள். கூழுக்கு எந்தத் தண்ணீர் விட்டாள் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. கேட்காமல் குடித்தேன்.

கிளம்பும்போது, நான் வேண்டிக்கொள்ளவில்லையா என்றாள். பிஸ்கட் வாங்கவில்லை என்றேன். நேற்றைய பெண் வைத்துப் போன பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். பாப்பா யாருடையது என்று பார்க்காதாம்.

“அங்க நில்லு. இப்ப ரெண்டு அடி வை. பெரிசா வெக்காத, குட்டியா வை. பாப்பா அவ்ளோதான் நடந்துச்சி.”

நான் நின்றுவிட்டேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“பொன்னி கைய உட்டுட்டு ரெண்டு அடி வெச்சிச்சாம். தொரை அவுரித் தொட்டியாண்ட இருந்து ஓடியாந்தாராம், பாக்கறதுக்கு. மறுபடியும் வெக்கல. அடுத்த நாளே வயிறு போவ ஆரம்பிச்சிடுச்சி. அதான் எங்க வூட்டுல, யாரு வந்தாலும் ரெண்டு அடி வெச்சிட்டுத்தான் கல்ல தொடணும்பாங்க.”

இரண்டு அடி வைத்தேன். பிஸ்கட்டை வைத்தேன். பிள்ளை பெயரைச் சொல் என்றாள். சண்முகம் என்றேன். மருமகள் பெயர் என்றாள். அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் என் வயதில் தனியாக இவ்வளவு தூரம் வருகிறவளுக்கு வேறென்ன கவலை இருக்கும் என்று அவள் கண்டுகொண்டிருப்பாள். வாய் திறந்தேன். பெயர் வரவில்லை. கன்னியம்மா வற்புறுத்தவில்லை.

“வாயில வர்றப்போ சொல்லு. எங்க இருந்து சொன்னாலும் அதுக்குக் கேக்கும்.”

திரும்பும் வழியில் ஆற்று மணலில் மாடு படுத்துக்கொண்டது. இந்த முறை நானும் முனுசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை தின்றோம். மலாயாவில் மழை தினமும் பெய்யுமாமே, அப்படியென்றால் துணி எப்போதுதான் காயும் என்று கேட்டார். வெயில் சாய்ந்தபின் மாடு தானாக எழுந்தது.

சனிக்கிழமை காலை உத்திரமேரூர்த் தபாலாபீசில் வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்று வாங்கினேன். கவுண்டரில் இருந்த ஆள், ஸ்காட்லாந்துக்குப் போகிற தபாலை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்றார். அங்கேயே, மை சிந்திக் கறுத்த மேஜையில் நின்றபடி எழுதினேன். மகனுக்குத் தனியாக எழுதிக்கொள்ளலாம். இது அவனுக்கு இல்லை.

‘அன்புள்ள மார்கரெட், உன் அப்பாவிடம் உடனே போய்ச் சொல். அவருடைய அக்கா நடந்தாள். இரண்டு அடி. உன் தாத்தா ஓடிவந்து பார்த்தார். மற்றதையெல்லாம், நீயும் சண்முகமும் ஈப்போவுக்கு வரும்போது நேரில் சொல்கிறேன்.’